கொஞ்சம் கழுத்தைக் காட்டுங்க!



ஹாஸ்டல் ரூம்ல ஃபேனுக்காக நடக்கிற சண்டை உங்களுக்குத் தெரியாததா? ஒருத்திக்கு ஃபேன் அஞ்சுல ஓடணும். இன்னொருத்திக்கு ஒண்ணுல ஓடினாலே பல்லு கிட்டும். என் அக்கா மகள் இந்த ரெண்டாவது ரகம். கோவையில் பி.காம். படிச்சுக்கிட்டிருந்தா. ஏப்ரல் மாச வெயில்லயும் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவாளாம். ரூம்மேட்ஸ் வெச்ச பட்டப்பெயர் 'ஊட்டி'. எல்லாரும் சிரிச்சாங்க, அவளும் சிரிச்சா. அது ஒரு நோயோட அறிகுறியா இருக்கலாம்னு யாருக்கும் தோணலை. கேட்டுச் சிரிச்ச எனக்கும்தான்.

அதே சமயத்துல அவளுக்கு பீரியட்ஸ் தள்ளிப் போக ஆரம்பிச்சது. முதல்ல நாற்பது நாள், அப்புறம் ரெண்டு மாசம், அப்புறம் நாலு மாசம். எடை கூடிச்சு. சீப்பு நிறைய முடி. அக்கா பதறிப்போய் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. ஒரே ஒரு ஸ்கேன். 'சினைப்பையில் நீர்க்கட்டிகள்'னு ரிப்போர்ட். "பி.சி.ஓ.டி.மா. இப்போ நிறையப் பொண்ணுங்களுக்கு இருக்கு. வெயிட்டைக் குறைக்கச் சொல்லுங்க"ன்னு ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாச்சு. மாத்திரை சாப்பிடுற மாசம் பீரியட்ஸ் வரும். நிறுத்தினா நின்னுடும். கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே ஓடிச்சு. நடுவுல பாட்டி வேற, "நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தா வயித்துல ஒண்ணு தங்குமா?"ன்னு கூடத்துல உட்கார்ந்து புலம்பல். பொண்ணுக்கு அப்போ பத்தொன்பது வயசு. ராத்திரி எனக்குப் போன் பண்ணி, "சித்தி, நான் என்ன தப்பு பண்ணினேன்?"னு அழுதா.

கடைசியில காய்ச்சல்னு போன இடத்துல வேற ஒரு டாக்டர். அவ பேசுறதைக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "குரல் எப்பவுமே இப்படிக் கரகரன்னு இருக்குமா? குளிர் தாங்குமா? மலச்சிக்கல் உண்டா?"ன்னு கேட்டிருக்கார். கழுத்தைத் தொட்டுப் பார்த்துட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.ஹெச். 70-ஐத் தாண்டியிருந்தது. இருக்க வேண்டியது சுமார் 0.4-லிருந்து 4 வரை. லேபுக்கு லேப் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், ஆனா 70 எங்கேயும் நார்மல் இல்லை!

தைராய்டு இருக்கிறது கழுத்துல. சினைப்பை இருக்கிறது அடிவயித்துல. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னுதானே கேக்குறீங்க?

ரெண்டுக்கும் மேனேஜர் ஒருத்தர்தான். மூளைக்கு அடியில பட்டாணி அளவுல இருக்கிற பிட்யூட்டரி. தைராய்டு சோம்பேறித்தனம் பண்ணினா, மூளை பிட்யூட்டரியை உசுப்பிவிடும். அது உடனே டி.எஸ்.ஹெச்.சை அள்ளி விடும். 'வேலை செய், வேலை செய்'னு தைராய்டுக்கு அனுப்புற நோட்டீஸ் அது. ஆனா மூளையோட அதே சிக்னல், புரோலாக்டின் என்கிற இன்னொரு ஹார்மோனையும் ஏத்திவிடக்கூடியது. இது தாய்ப்பால் சுரக்க வைக்கிற ஹார்மோன். குழந்தைக்குப் பால் கொடுக்கிற அம்மாக்களுக்குப் பல மாசம் பீரியட்ஸ் வராம இருக்கிறதுல இதுக்கும் பங்கு உண்டு. கல்யாணமே ஆகாத பொண்ணுக்கு இது ஏறினாலும் கதை அதேதான். சினைப்பைக்குப் போற உத்தரவு தடுமாறும், முட்டை முழுசா வளர்ந்து வெளியே வராது, தேதி தப்பும்.

இன்னொண்ணும் நடக்கும். பெண்கள் உடம்புலயும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் உண்டு. அதைக் கட்டிப்போட்டு வைக்க ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்குது. தைராய்டு குறைஞ்சா அந்தப் புரதமும் குறையும். கட்டு அவிழ்ந்த ஆண் ஹார்மோன் சுதந்திரமா சுத்தும். பி.சி.ஓ.எஸ்.லயும் இதே புரதம் பல பேருக்குக் குறைவாத்தான் இருக்கும். ஆக, வெளியே தெரியுற படம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி.

அந்த 'நீர்க்கட்டி'ங்கிற பேரே எனக்குப் பிடிக்கலை. கேட்டதும் கேன்சர் ரேஞ்சுக்கு பயம் வருது. அதெல்லாம் கட்டியே இல்லைங்க. பாதி வளர்ந்து நின்னுபோன குட்டிக் குட்டி முட்டைப்பைகள். 1935-ல் சிகாகோவைச் சேர்ந்த ஸ்டெய்ன், லெவன்தால்னு ரெண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பத்தி எழுதினதுல இருந்து இந்த நோய் பிரபலமாச்சு. சினைப்பையோட தோற்றத்தை வெச்சே பேரும் நிலைச்சுப்போச்சு. ஆனா ஸ்கேன்ல அப்படித் தெரியுற எல்லாருக்கும் பி.சி.ஓ.எஸ். கிடையாது.

2003-ல் ராட்டர்டாம் நகரத்துல நிபுணர்கள் கூடி ஒரு கணக்கு போட்டாங்க. ஒழுங்கில்லாத பீரியட்ஸ், ஆண் ஹார்மோன் அதிகம், ஸ்கேன்ல அந்தத் தோற்றம் - இந்த மூணுல ரெண்டாவது இருந்தாத்தான் பி.சி.ஓ.எஸ். அதுவும் தைராய்டு, புரோலாக்டின் மாதிரி மத்த காரணங்களை விலக்கின பிறகுதான். இந்தக் கடைசி வரிதான் நம்ம ஊர் அவசரத்துல விட்டுப்போகுது!

அப்புறம் வந்த சர்வதேச வழிகாட்டுதல் இன்னும் ஒரு படி மேலே போகுது. வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகுற வரைக்கும் ஸ்கேனை வெச்சு பி.சி.ஓ.எஸ்.னு சொல்ல வேண்டாம்கிறது அது. ஏன்னா அந்த வயசுல ஆரோக்கியமான பொண்ணுக்கும் சினைப்பையில நிறைய முட்டைப்பைகள் தெரியும். என் அக்கா மகள் பெரியவளானது பதிமூணு வயசுல. அந்தக் கணக்குப்படி 21 வரைக்கும் அந்த ஸ்கேனுக்கு மதிப்பே இல்லை. உங்க வயசைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்க.

'அப்போ எல்லாருக்கும் தைராய்டுதானா'ன்னு கிளம்பிடாதீங்க. இவ கதையைக் கேட்டு ரூம்மேட் ஒருத்தியும் டெஸ்ட் எடுத்தா. அவளுக்கும் தைராய்டு கொஞ்சம் குறைவுதான். மாத்திரையில அது சரியாச்சு, ஆனா பீரியட்ஸ் சரியாகலை. தாடையில முடி, அடங்காத பரு... பார்த்தா பி.சி.ஓ.எஸ்.சும் இருந்தது. ரெண்டும் ஒருத்திகிட்டயே!

இது அபூர்வம் இல்லை. ஹாஷிமோட்டோன்னு ஒரு பிரச்னை உண்டு. உடம்போட எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும். 1912-ல் இதை விவரிச்ச ஜப்பான் டாக்டரோட பேர்தான் அது. 2004-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், பி.சி.ஓ.எஸ். இருந்த 175 பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் ரத்தத்துல தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தது. பி.சி.ஓ.எஸ். இல்லாத 168 பேரில் அது பன்னிரண்டில் ஒருவருக்குத்தான். அதனால, ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா இன்னொண்ணையும் தேடிப் பார்க்கிறது நல்லது.

இப்போ கண்ணாடி முன்னாடி போய் நில்லுங்க. முன் கழுத்துல வீக்கம் தெரியுதா, எச்சில் முழுங்கும்போது அது மேலே ஏறி இறங்குதா? தைராய்டு டெஸ்ட் எடுங்க. வீக்கமே இல்லாமலும் தைராய்டு கோளாறு வரும், அதனால வறண்ட தோல், எந்நேரமும் தூக்கம், அதிகப்படியான ரத்தப்போக்கு இதெல்லாமும் கணக்குல சேர்த்தி. பின் கழுத்து வெல்வெட் மாதிரி கறுத்துப் போயிருக்கா? அம்மா 'அழுக்கு'ன்னு சொல்லி கடலை மாவு போட்டுத் தேய்ப்பாங்க. பாவம், தோல்தான் எரியும். அது பெரும்பாலும் இன்சுலின் சரியா வேலை செய்யாததோட அடையாளம், பி.சி.ஓ.எஸ்.லதான் அதிகம் பார்க்கலாம்.

பசங்களா, பக்கத்தைத் திருப்பிடாதீங்க! உங்க வீட்லயும் அக்கா, தங்கச்சி இருக்காங்க. 'குண்டு பூசணி'ன்னு கூப்பிடுறதுக்கு முன்னாடி இதைப் படிக்கக் கொடுங்க.

டெஸ்ட் எடுக்கப் போறவங்களுக்கு ஒரு விஷயம். முடி கொட்டுதுன்னு மெடிக்கல் ஷாப்ல பயோட்டின் மாத்திரை வாங்கி முழுங்குறீங்களா? அது சில லேப் மெஷின்களை ஏமாத்தி, டி.எஸ்.ஹெச்.சை உள்ளதை விடக் குறைச்சுக் காட்டிடும். குறைஞ்சது ரெண்டு நாளாவது முன்னாடி நிறுத்தணும். டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க. தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தா வெறும் வயித்துல தண்ணியோட போடணும், காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்கணும். சத்துக் குறைவுன்னு கொடுக்கிற இரும்பு, கால்சியம் மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேர இடைவெளி வேணும். என் அக்கா மகள் முதல் ரெண்டு மாசம் மெஸ் காபியோடதான் மாத்திரையை முழுங்கியிருக்கா. டி.எஸ்.ஹெச். இறங்கவே இல்லைன்னு டாக்டர் மண்டையைப் பிச்சுக்கிட்டப்புறம்தான் அந்த ரகசியம் வெளியே வந்தது.

அஞ்சாவது மாசம் ஹார்மோன் மாத்திரை எதுவும் இல்லாம அவளுக்கு பீரியட்ஸ் வந்தது. எடை மூணு கிலோதான் குறைஞ்சது, முடி இன்னும் மெதுவாத்தான் வளருது. ரூம்மேட்டுக்கு சிகிச்சை தொடருது. பி.சி.ஓ.எஸ். இருந்தாலும் பெரும்பாலான பெண்கள் அம்மா ஆகுறாங்கன்னு டாக்டர் சொன்னதைக் கேட்டு, அவங்க வீட்லயும் புலம்பல் குறைஞ்சிருக்காம்.

எங்க பாட்டிக்குத்தான் டி.எஸ்.ஹெச்.னா என்னன்னு இன்னும் புரிய வைக்க முடியலை. 'ஊட்டி'யோ, இப்போ ஃபேனை நாலுல வைக்கணும்னு சண்டை போடுறாளாம்!