பட்டதாரிக்கும் காவல் வேண்டும்

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் ஏதோ ஒரு பி.ஜி.யில் தங்கி வேலை தேடும் இளைஞருக்கு டெலிகிராமில் செய்தி வருகிறது. தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை. போனில் ஒரு நேர்காணல், ஒரு டைப்பிங் டெஸ்ட், அவ்வளவுதான். இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் வரலாம். பாங்காக்கில் இறங்கியவரைக் காரில் எல்லையோர மே சோட்டுக்குக் கொண்டுபோய், மோய் ஆற்றைத் தாண்டவைத்து மியான்மரின் மியாவாடியில் அடைக்கிறார்கள். பாஸ்போர்ட் பறிபோகிறது. அதன்பின் அவருக்கு வாய்க்கும் வேலை, முன்பின் தெரியாதவர்களை ஆன்லைனில் ஏமாற்றிப் பணம் பறிப்பது.

ஐ.டி. தெரிந்த இளைஞர்களுக்கே குறி வைக்கிறார்கள் என்று வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. 2025 மார்ச்சில், இப்படிச் சிக்கிய 549 இந்தியர்களை இரண்டே நாட்களில் விமானப்படை மீட்டு வந்தது. பாராட்டுகிறோம். ஆனால், அவர்களை அனுப்பிய ஏஜென்ட்களை யார் தடுத்திருக்க வேண்டும்?

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ், பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி தேவை. சவூதிக்குப் போகும் கொத்தனாருக்கு இது ஓரளவு காவல். பட்டதாரியை யாரும் எதுவும் கேட்பதில்லை. மியான்மரும், இதே மோசடி நடக்கும் கம்போடியாவும் அந்தப் பட்டியலிலேயே இல்லை. பதிவில்லாமல் ஆள் அனுப்பியவருக்கு அந்தச் சட்டம் விதித்தது இரண்டாண்டு வரை சிறை, அதிகபட்சம் 2,000 ரூபாய் அபராதம். தலைக்கு லட்சக்கணக்கில் வாங்குபவருக்கு இது ஒரு தண்டனையா?

பேராசைப்பட்டுப் போய் மாட்டிக்கொண்டார்கள் என்பவர்கள் உண்டு. கடன் வாங்கிப் படித்து, வேலையிழந்து, ஊருக்குப் பணம் அனுப்ப வழியில்லாமல் நிற்பவரிடம் அப்படிப் பேச நமக்கு மனம் வரவில்லை.

படித்தவர்களும் பயணத்துக்கு முன் பதிவு செய்ய வேண்டும் என்று 2018இல் அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. அனுமதி கேட்டுக் காத்திருக்கவைக்கும் முறை வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. எங்கே, யாரிடம், யார் மூலம் போகிறோம் என்று இலவசமாகப் பதிவு செய்வதில் என்ன சிரமம்? 2021இல் வந்த புதிய குடிபெயர்வுச் சட்ட வரைவு சட்டமாகவில்லை. 2025 அக்டோபரில் வெளியான வரைவுக்கும் அந்தக் கதி வரக்கூடாது. படித்தவர், படிக்காதவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் அது காக்க வேண்டும். கர்நாடகப் போலீசும் மீண்டு வந்தவர்களைக் குற்றவாளிகளாக நடத்தாமல், அவர்கள் பணம் கட்டிய கணக்குகளைப் பிடித்துக்கொண்டு ஏஜென்ட்களைத் தேட வேண்டும்.

வெளிநாடு புறப்படும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்ட்டின் பதிவைச் சரிபாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்று யார் சொன்னாலும், சொந்தக்காரரே சொன்னாலும், போகாதீர்கள்.