இரண்டு நிமிஷ ஆகாயப் பிரயாணம்

ஆகாய விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இடுப்பு வாரை மாட்டிக்கொண்டு, வெற்றிலைப் பெட்டியைத் திறப்பதற்குள் இறங்கவேண்டிய ஊர் வந்துவிட்டது என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியும் ஒரு விமானப் போக்குவரத்து நடக்கிறது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்ற தீவுக் கூட்டத்தில் வெஸ்ட்ரே ஒரு தீவு. பாப்பா வெஸ்ட்ரே அதன் பக்கத்துத் தீவு. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே 2.7 கிலோமீட்டர் தூரம். கால அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் 2 நிமிஷம். காற்று சாதகமாக இருந்த ஒரு சமயம் 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. நமது மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே இதைவிட நீளம், 3.6 கிலோமீட்டருக்கு மேல்!

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் ஜெட் விமானக் கணக்கை இங்கே போட்டால் 12 விநாடி என்று விடை வரும். அது ஏட்டுச் சுரைக்காய். இங்கே பறப்பது 8 பேர் உட்காரக்கூடிய 'ஐலண்டர்' என்ற சிறு விமானம். எழும்பியவுடனேயே இறங்கும் வேலையைப் பார்க்கவேண்டும். 2 நிமிஷத்தில் 2.7 கிலோமீட்டர் என்றால் சராசரி மணிக்கு 81 கிலோமீட்டர்தான். நல்ல ரஸ்தாவில் மோட்டார் கார் இதைவிட வேகமாகப் போகும். நடுவில் கடல் இருப்பதுதான் காருக்குத் தடை.

1967-ல் லோகன் ஏர் கம்பெனி இந்தப் போக்குவரத்தை ஆரம்பித்தது. ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி இந்தத் தடத்தில் 12,000 தடவைக்கு மேல் பறந்து, 2013-ல் ஓய்வு பெற்றார். அந்த 53 விநாடிப் பிரயாணமும் அவருடையதே.

உலகத்திலேயே மிகக் குறுகிய விமானப் பிரயாணம் என்ற பெயருக்காகவே வந்து ஏறும் உல்லாசப் பிரயாணிகள் உண்டு. அவர்களைப் பார்த்துவிட்டு இதை வெறும் வேடிக்கை என்று நினைப்பது தவறு. பாப்பா வெஸ்ட்ரேயில் சுமார் 90 பேர் வசிக்கிறார்கள். வைத்தியர் வரவேண்டும், உபாத்தியாயர் வரவேண்டும், பெரிய வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் வெளியூர் போய்த் திரும்பவேண்டும். வட கடலில் குளிர்காலப் புயல் அடிக்கும்போது படகை நம்பியிருக்க முடியாது.

இந்தத் தீவுகளின் விமானப் போக்குவரத்துக்கு அங்குள்ள ஸ்தல நிர்வாகம் மான்யம் கொடுக்கிறது. "90 பேருக்காக விமானமா? ஜனங்களின் வரிப் பணம் என்ன ஆவது?" என்று கேட்பவர்கள் எங்கும் இருப்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் கரைநாட்டில் ஒரு குக்கிராமத்துக்கு ரஸ்தா போடும்போது, அந்த ரஸ்தா லாபம் சம்பாதிக்குமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லையே! தீவுவாசிக்கு அந்தச் சிறு விமானம்தான் ரஸ்தா. அதை நிறுத்தினால் மிச்சமாகும் பணம் கணக்குப் புஸ்தகத்தில் உடனே தெரியும். குழந்தை குட்டிகளோடு மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறும் குடும்பங்கள் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டா.

பாப்பா வெஸ்ட்ரேயில் 'நாப் ஆஃப் ஹோவார்' என்ற கற்கால வீடு இருக்கிறது. 5,000 வருஷங்களுக்கு முன்பே அங்கே ஜனங்கள் பயிரிட்டுக் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள். அந்தக் குடித்தனத்தை இப்போது 2 நிமிஷ விமானமும் சேர்ந்து காப்பாற்றி வருகிறது. மான்யத் தொகையைக் குறைக்க நினைப்பவர்கள், முதலில் ஒரு ஜனவரி மாதத்தில் அங்கே படகில் போய்விட்டு வரட்டும்.