விளக்கமறியலில் கழிந்த நாட்கள் யார் கணக்கில்?

தோட்டத்து இளைஞர் ஒருவர் கைதாகி, பிணையின்றி மூன்று வருடங்கள் விளக்கமறியலில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிறகு நுவரெலியா மேல் நீதிமன்றம் அவருக்கு ஐந்து வருடச் சிறை விதிக்கிறது. லயத்தில் இருக்கும் குடும்பம், இன்னும் இரண்டு வருடம்தான் என்று எண்ணும். சட்டம் அப்படி எண்ணுவதில்லை.

விளக்கமறியல் காலத்தைத் தண்டனையிலிருந்து தானாகவே கழிக்கும் விதி இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இல்லை. தண்டனையைக் குறைக்க அதை ஒரு காரணமாக நீதிபதி எடுத்துக்கொள்ளலாம், விடவும் செய்யலாம். இந்தியாவில் இந்தக் கழிவு 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 428ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டது. இப்போது அது 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தின் 468ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அங்கே உரிமை, இங்கே தயவு.

மேன்முறையீடு செய்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. சட்டக்கோவையின் 359ஆம் பிரிவின்படி, மேன்முறையீட்டு முடிவுக்காகச் சிறையில் காத்திருக்கும் காலமும், நீதிமன்றம் வேறு விதமாகப் பணித்தாலன்றி, தண்டனையில் சேராது. புதுக்கடையில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம், முறையீட்டைத் தள்ளுபடி செய்யும்போதும், மேல் நீதிமன்றம் தண்டனை விதித்த நாளிலிருந்தே அது நடைமுறைக்கு வரட்டும் என்று பல தீர்ப்புகளில் பணித்திருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுவாங்க ஒரு சட்டத்தரணி வேண்டும். 2024 செப்டம்பரில்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது. அதில் கொழும்புச் சட்டத்தரணிக்கு எத்தனை நாள் கொழுந்து பறிப்பது? வடக்கு, கிழக்குக்கு வெளியே வழக்குப் பதிவுகள் சிங்களத்தில் இருப்பதால், தன் தீர்ப்பையே வாசிக்க முடியாதவர்களும் உண்டு.

வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுப்புக் கட்டளை மட்டுமே 18 மாதங்கள் வரை நீளலாம். 2022 திருத்தம் அதை 12 மாதங்களாக்கியது. அதன்பின் விளக்கமறியல், முடிவு தெரியாமல். வழக்கு முடியக் காத்திருப்பதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாம் என்று முடிவெடுத்தவர்கள் பலர். செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொள்ள வைக்கும் ஏற்பாடு இது. மலையகமும் அந்தச் சட்டத்துக்குத் தப்பவில்லை. 1994இல் நாடாளுமன்றம் சென்ற மலையக மக்கள் முன்னணித் தலைவர் பெ. சந்திரசேகரன், அதற்கு முன் அதே சட்டத்தின் கீழ் சிறையிருந்தவர்.

சட்டக்கோவையில் ஒரு பிரிவைச் சேர்த்தால் தீரும் விடயம் இது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தை மாற்றுவது பற்றிப் பேசும் நமது பிரதிநிதிகள் இதையும் சேர்த்துப் பேசலாம்.

அதுவரை குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை உண்டு. மேல் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து முறையிட 14 நாட்கள்தான். சட்டத்தரணி இல்லாவிட்டாலும், சிறையில் இருப்பவர் அந்த நாட்களுக்குள் தன் விருப்பத்தையும் காரணங்களையும் ஜெயிலரிடம் சொன்னால் போதும், அது முறையீடாகும். பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மேன்முறையீட்டுத் தீர்ப்பு வந்ததும், தண்டனை எந்தத் திகதியிலிருந்து தொடங்குகிறது என்ற வரி அதில் இருக்கிறதா என்று தமிழ் தெரிந்த ஒரு சட்டத்தரணியைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.