பறைக்குத் தோலா, பைபரா?

(இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



அடுத்த ஆண்டு விழாவுக்குப் பேரவை புதிதாக ஆறு பறை வாங்கப் போகிறது. ஆறும் பைபர்தான் என்று பேச்சு அடிபடுகிறது. காசு கைமாறுவதற்குள் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன விழாவில் நாங்கள் அடித்தபோது முன்வரிசையில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டது எல்லாருக்கும் தெரியும். "ஆட்டம் சூப்பர்டா, சத்தம்தான் மண்டையப் பொளக்குது" என்று சொன்னவர்கள் பலர். கையைக் குறை சொல்லாதீர்கள். வட்டத்தின் மேல் எதைப் போர்த்தியிருக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பைபர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம். எக்ஸ்ரே பிலிமும் அந்த வகைதான். கால் மில்லிமீட்டர் கனம் இருக்கும், எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், ஈரம் குடிக்காது. குச்சி பட்டதும் அடிநாதம் எழும். கூடவே மேல்நாதங்களும் எழும். கம்பியில் இந்த மேல்நாதம் 2 மடங்கு, 3 மடங்கு என்று ஒழுங்காக வரும். வட்டமான படலத்தில் 1.59, 2.14, 2.30 என்று கோணல்மாணலாக வரும். மிருதங்கத்தில் நடுவே வைக்கிற கரும்பசைதான் இதை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சர் சி.வி.இராமன் 1920-லேயே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். பறையில் பசை கிடையாது. கோணலை நிமிர்த்த முடியாது. சீக்கிரம் அடங்க வைக்கலாம், அவ்வளவுதான். பாலியெஸ்டர் அதை அடங்க விடாது, 'ணங்'கென்று நீண்டுகொண்டே போகும். தோலிலோ உள்ளே இருக்கிற நாரும் ஈரமும் அந்த உயர்ந்த அதிர்வுகளைத் தின்றுவிடும். மிச்சம் நிற்பது 'தம்' என்ற அடிநாதம். இனிமை என்று நாம் சொல்வது அதைத்தான்.

இந்தத் தகராறு நம் ஊரோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் பேஞ்சோ என்று ஒரு வாத்தியம். (நம் பக்கம் பேஞ்சோ என்றால் புல்புல்தாராவைக் காட்டுவார்கள், இது வேறு.) அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்தி, தந்தி கட்டி உண்டாக்கியது. 1950-களின் கடைசியில் பாலியெஸ்டர் தலை வந்ததும் ஏறக்குறைய எல்லாரும் அதற்கு மாறினார்கள். ஆனாலும் மென்மையான நாதம் வேண்டுகிறவர்கள் இன்றைக்கும் கன்றுத்தோலைத் தேடிப் போகிறார்கள். அல்லது தோல்போல் ஒலிக்கும்படி தடிப்பாகச் செய்த பிளாஸ்டிக் தலையை மாட்டுகிறார்கள்.

சரி, கையில் ஏற்கெனவே இருக்கிற பைபரை என்ன செய்வது? தூக்கிப் போட வேண்டாம். முதலில் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கார் வீல் நட் முடுக்குகிற மாதிரி எதிரெதிராக, கால் சுற்று, கால் சுற்றாக. வரிசையாகத் தளர்த்தினால் ஒரு பக்கம் தொய்ந்து நாதம் கெட்டுப் போகும். பிறகு உள்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குத் துணி ஒட்டுங்கள். இராஜபாளையத்துக்காரனுக்குத் துணிக்குப் பஞ்சமா? சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி போதும். புதிதாக வாங்கும்போது கனமான, மேல்பூச்சு உள்ள தலையாகக் கேளுங்கள். இழுவிசை மாறாமல் சதுர அளவுக்கான எடை 4 மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். பரீட்சைக்குப் படிக்கிற சூத்திரம் இங்கே வேலை செய்கிறது பாருங்கள்!

இதெல்லாம் செய்தாலும் தோலின் நாதம் வராது. அதனால்தான் ஆறில் மூன்றாவது தோலாக இருக்கட்டும் என்கிறேன்.

இதைச் சொன்னதும் ஹாஸ்டலில் ஒரு நண்பன் முகத்தைச் சுளித்தான். "பைபர்னா நானும் அடிப்பேன், தோல்னா வேண்டாம்டா" என்றான். எதனால் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எங்க தாத்தா ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் கொட்டு அடித்தவர். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டால் போயே ஆகவேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், அப்படி இருந்த வேலை. அப்பா அதைத் தொடாமல் இராஜபாளையத்தில் மில் வேலைக்குப் போனார். அவர் செய்தது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன். அவர் அப்படி விலகியதால்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன், எங்க வீட்டில் முதல் ஆளாக. காலேஜில் பறை அடிக்கிறேன் என்று சொன்னபோது அவர் திட்டவில்லை. "தோல் இல்லல்ல?" என்று மட்டும் கேட்டார்.

நண்பன் சுளித்ததும் அப்பா கேட்டதும் ஒன்றல்ல. அப்பாவுக்கு அது பட்ட வலி. நண்பனுக்கு என்ன? மிருதங்கத்துக்கு மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் மூன்றும் போகிறது; சபாவில் யாராவது மூக்கைப் பொத்துகிறார்களா? ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் முழங்குகிற தவிலும் பரம்பரையாய்த் தோல் போர்த்திய வாத்தியம்தானே? அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகவே 2025-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பறைக்கு மரியாதை வந்திருக்கிறது, சந்தோஷம். தோலையும் தோல் பதமாக்கிப் போர்த்துகிற கையையும் கழற்றிவிட்டுத்தான் அந்த மரியாதை காலேஜுக்குள் நுழைய வேண்டும் என்றால் எனக்குச் சம்மதமில்லை. வேப்பமரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒருவர் தோல் போர்த்துவதைப் பார்த்தவனுக்கு அது ஒரு ஒர்க்‌ஷாப் வேலை என்பது விளங்கும். வெளிச்சத்தில் பிடித்துக் கனம் பார்ப்பார்கள், விரலால் சுண்டிக் கேட்பார்கள். நம் மைக்ரோமீட்டருக்கு ஒன்றும் குறைந்ததில்லை.

பைபர் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் மலையடிவாரத்தில் மழை பிடித்தால் தோல் தொய்ந்து 'தொப்' என்று ஆகிவிடும். ஊர்வலம், திறந்தவெளி, மழை என்றால் பைபரை எடுங்கள். நாலு தெரு தாண்டிக் கேட்க வேண்டிய இடத்தில் அந்த 'ணங்' நல்லதுதான். அரங்குக்குள் அடிப்பதற்குத் தோல்.

தோலிலும் ஒரு கவனம் வேண்டும். சூடு காட்டுவதில் பேராசை கூடாது. அளவுக்கு மேல் காய்ந்தால் அதுவும் பைபர் மாதிரியே கத்தும், விட்டால் கிழிந்துபோகும். உள்ளே அடிப்பதற்குப் பாதிச் சூடு போதும். சுண்டுக்குச்சி மூங்கில் சிம்பாகவே இருக்கட்டும், அடிக்குச்சியின் முனையை மட்டும் உருட்டையாகச் சீவிக்கொள்ளுங்கள்.

பேரவைச் செயலாளர் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள். ஹாஸ்டல் பின்பக்கம் தீ மூட்டுவதற்கு வார்டனிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். வைக்கோல் நான் கொண்டுவருகிறேன்.