வேகம் சரி, கணக்கு சரியா?

சென்ற ஆண்டு ஜெலாப்பாங்கில் எஸ்பிஎம் மாணவர்களுக்காக இலவச வார இறுதி வகுப்பு நடந்தது. அதற்கான பதிவுத் தளத்தை நானும் பல்கலைக்கழக நண்பர்கள் இருவரும் உருவாக்கினோம். கணித வகுப்பில் 40 இடங்கள். முதல் சனிக்கிழமை காலையில் பட்டியலைப் பார்த்தால் 47 பெயர்கள்! எல்லாருடைய கைப்பேசியிலும் ‘பதிவு வெற்றி’ என்றே இருந்தது. அம்மாவின் மோட்டார் சைக்கிளில் வந்த படிவம் 5 மாணவி ஒருவர், எதுவும் பேசாமல் திரும்பிப் போனார். தவறு முழுக்க எங்களுடையது.

தளம் மெதுவாக இயங்கியதால், மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு முன்னால் ரெடிஸ் என்ற கேஷ் ஒன்றைச் சேர்த்திருந்தோம். மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி விற்கும் பொருளைக் கடைக்காரர் கைக்கெட்டும் மேசையில் வைத்திருப்பார். முழுச் சரக்கும் பின்னால் கிடங்கில் இருக்கும். தரவுத்தளம்தான் கிடங்கு. ரேமில் இயங்கும் கேஷ், மேசை. கேட்ட தகவல் மேசையில் இருந்தால் உடனே கிடைக்கும். இல்லையென்றால் கிடங்கிலிருந்து எடுத்து, அடுத்தவருக்காக மேசையிலும் ஒரு பிரதி வைக்கப்படும்.

சிக்கல் அந்தப் பிரதியில்தான். மீதமுள்ள இடங்களின் எண்ணிக்கையை நாங்கள் 10 நிமிடம் கேஷில் வைத்திருந்தோம். அதற்குள் தரவுத்தளத்தில் இடங்கள் நிரம்பிவிட்டன. கேஷோ இன்னும் இடம் இருப்பதாகவே சொன்னது. எங்கள் நிரலும் அதை நம்பிப் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போனது.

கேஷ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. 2003இல் லைவ்ஜர்னல் தளத்தின் நெரிசலைச் சமாளிக்க பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மெம்கேஷ்டை உருவாக்கினார். 2009இல் இத்தாலியரான சால்வத்தோரே சான்ஃபிலிப்போ, தம் தளத்தின் சுமைக்கு மைஎஸ்கியூஎல் ஈடுகொடுக்காததால் ரெடிஸை வெளியிட்டார். அவர்களுக்கு உண்மையான சுமை இருந்தது. நம்மில் பலர் ஒரு காணொளியைப் பார்த்த உற்சாகத்திலேயே அதைச் சேர்த்துவிடுகிறோம்.

பிறகு ஆராய்ந்தபோதுதான் தெரிந்தது: ஒரு பக்கத்தைக் காட்ட, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகத் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அதை ஒரே கேள்வியாக மாற்றியதும் கேஷ் இல்லாமலே தளம் விரைவானது.

ஆகவே, இறுதியாண்டுத் திட்டப்பணியில் கேஷைச் சேர்க்க நினைக்கும் நண்பர்களே, முதலில் தாமதம் எங்கே என்று அளந்து பாருங்கள். பாட விவரம், ஆசிரியர் பெயர் போன்றவை சில நிமிடம் பழையதாக இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. அவற்றைத் தாராளமாகக் கேஷில் வையுங்கள். தரவுத்தளத்தில் ஒன்றைத் திருத்தியதும் கேஷில் உள்ள பழைய பிரதியை நீக்குங்கள். இடம், பணம், மதிப்பெண் ஆகியவற்றில் முடிவெடுக்கும்போது தரவுத்தளத்தையே கேளுங்கள்.

பக்கம் இரண்டு விநாடி தாமதமாகத் திறந்தால் மாணவர் பொறுத்துக்கொள்வார். இல்லாத இடத்தை இருக்கிறது என்று சொல்லி வரவழைத்தால், அடுத்த முறை அவர் நம் தளத்தைத் திறக்கவே மாட்டார்.