எழுதி வைக்கும் கடமை

உழைத்துப் பொருள் சேர்ப்பது குடும்பத் தலைவனின் ஒரு கடமை. சேர்த்த பொருள் உரியவர் கையிற் சேரும்படி வழிசெய்து வைப்பது மற்றொரு கடமை. முதலாவதை நம்மவர் இரவு பகலென்று பாராது செய்கின்றனர். இரண்டாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, "நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு!" என்று வாயை அடைத்துவிடுகின்றனர். மரண சாசனம் எழுதினால் மரணம் நெருங்கிவிடும் என்று அஞ்சுவோர் படித்தவரிடையேயும் உளர். எழுதாமல் விட்டவர் எவரும் அக்காரணத்தால் நீண்ட நாள் வாழ்ந்ததாக நாம் கேள்வியுற்றதில்லை.

"எழுதாவிட்டால் என்ன? எல்லாம் என் மனைவிக்குத்தானே!" என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். அது எத்துணைப் பிழையானது என்பதற்குத் திருகோணமலைக் கப்பல்துறைப் பகுதியே தக்க சான்றாகும். பிரித்தானியர் 1957ஆம் ஆண்டிற் கடற்படைத் தளத்தைக் கையளிக்கும் வரையிலும், அதன் பின்னரும், தொழிலை நாடிப் பல ஊரவரும் பல சமயத்தவரும் வந்து கூடிய இடம் இது. இங்கே ஒரே வீதியில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் இருப்பின், மூன்றையும் மூன்று சட்டங்கள் ஆளக்கூடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒவ்வொரு வீட்டிலும் கணவன் மரண சாசனம் எழுதாது இறந்துவிட்டான். மனைவியும், ஒரு மகனும், இரண்டு மகளிரும் எஞ்சியுள்ளனர். அவனுடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர் என்க.

முதலாவது வீட்டார் நாட்டின் பொதுச் சட்டத்திற்கு உட்பட்டவர்கள். 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, இறந்தவனுடைய ஆதனத்திற் பாதி மனைவியைச் சேரும். மறுபாதியைப் பிள்ளைகள் மூவரும் ஆண் பெண் என்ற வேறுபாடின்றி ஆளுக்கு ஆறில் ஒன்றாகப் பெறுவர்.

இரண்டாவது வீட்டார் முஸ்லிம்கள். 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய மார்க்க முறையையே பங்கீட்டிற்கு அடிப்படையாகக் கொள்கின்றது. அதன்படி மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளிருக்கு ஒவ்வொரு பங்குமாகும்.

மூன்றாவது வீட்டார் வடமாகாணத்தை நிலையான வாழ்விடமாகக் கொண்டு, உத்தியோகத்தின் பொருட்டு இங்கு வந்து தங்கியவர்கள். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை, ஊர் விட்டு வந்த பின்னரும் அவர்களைத் தொடர்கின்றது. மணவாழ்க்கைக் காலத்தில் விலைக்கு வாங்கிய வீடு தேடியதேட்டமாகும். அதிற் பாதி மனைவியிடம் நிற்கும். ஆனால் கணவனுக்கு அவன் பெற்றோர் வழியாக வந்த முதுசொம் பிள்ளைகளையே சேரும். அம்முதுசொக் காணியிற் குடியிருக்கும் விதவை, சட்டத்தின் கண்ணில் தன் பிள்ளைகளின் வீட்டில் வாழ்பவளே.

எந்தச் சட்டத்திலும் முழுவீடும் மனைவியைச் சேரவில்லை என்பதைக் கவனிக்க. பிள்ளைகள் பராயமடையாதவர்களாயின் இடர் இன்னும் பெரிது. அவர்களுடைய பங்கை விற்கவோ ஈடு வைக்கவோ மாவட்ட நீதிமன்றின் அனுமதி வேண்டும். மூத்தவன் படிப்புக்காக வீட்டை ஈடு வைத்துப் பணம் பெற நினைக்கும் தாய், முதலில் நீதிமன்றப் படியேற வேண்டியவளாகின்றாள்.

உறுதி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர்க்கும் ஒரு சொல். மகளுக்குச் சீதனமாக வீட்டை எழுதும் தந்தையர் பலர், ஆயுள் உரித்தைத் தமக்கு மட்டும் ஒதுக்கிக் கொள்கின்றனர். அவர் கண்மூடும் அன்றே அவ்வுரித்தும் முடிந்துவிடும். தாயோ மருமகனுடைய தயவில் நிற்பாள். "எனக்கும் என் மனைவிக்கும், இருவருள் கடைசியாக வாழ்பவர் உள்ளவரை" என்று எழுதுவதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்!

கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்களில் அரச காணி பெற்றோர்க்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் உண்டு. அக்காணிக்குப் பின்னுரித்தாளியைப் பெயர் குறித்துப் பதிவு செய்தல் இன்றியமையாதது. பெயர் குறிக்கப்படாதவிடத்து மகனுக்குப் பின்னரே மகள் என்ற வரிசை நெடுங்காலம் நிலவியது. 2022ஆம் ஆண்டுத் திருத்தமே அவ்வேறுபாட்டை நீக்கிற்று. சட்டம் திருந்த எண்பத்தேழு ஆண்டுகள் சென்றன. பெயரைப் பதிவு செய்ய ஒரு நாள் போதும்.

தொழிலாளர்க்கு ஊழியர் சேமலாப நிதியும் ஒரு சொத்தே. சம்பளத்தில் தொழிலாளி நூற்றுக்கு 8உம், தொழில் தருபவர் 12உம் செலுத்திச் சேர்வது அது. மணமாகுமுன் தாயின் பெயரையோ தம்பியின் பெயரையோ எழுதிக் கொடுத்த இளைஞர், பின்னர் மனைவி மக்கள் வந்த பிறகும் அப்பத்திரத்தை நினைப்பதில்லை. இன்றே அதைப் பார்த்துத் திருத்துக.

இப்பகுதி மக்கள் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும், நீண்ட போரையும் கண்டவர்கள். மரணச் சான்றிதழின்றி எதையும் பெறமுடியாது தவித்த மனைவியர் எத்தனை பேர்! காணாமற்போனவர்களின் மரணத்தைப் பதிவு செய்ய 2010ஆம் ஆண்டிற் சட்டமொன்று வந்தது. கணவன் இறந்தான் என்று கையொப்பமிட மனம் ஒப்பாத பெண்கள் அதை நாடத் தயங்கினர். ஆள் காணப்படவில்லை என்று உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. சாவு முன்னறிவித்து வருவதில்லை என்பதற்கு இதனினும் கொடிய பாடம் வேண்டுமோ?

மரண சாசனம் எழுதுவது கடினமான காரியமன்று. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளுடன் கையொப்பமிட்டால் அது செல்லும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். பயன்பெறுபவரைச் சாட்சியாக நிறுத்தற்க. சாசனம் எழுதியவர் பின்னர் மணஞ் செய்தால் அச்சாசனம் இரத்தாகும் என்பதையும் மறவற்க. கோயிலில் தாலி கட்டியதோடு நில்லாது, திருமணத்தைப் பதிவு செய்திருத்தலும் வேண்டும். மனைவி என்று நிறுவுவதற்கே விதவை வழக்காட நேரலாகாது. நம் குடும்பம் எச்சட்டத்தின் கீழ் வருகின்றது என்ற ஐயமிருப்பின், ஒரு சட்டத்தரணியைக் கேட்டுத் தெளிக.

உறுதிகள், பதிவுச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதிப் பத்திரம் யாவும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். அப்பெட்டி எங்குளது, அதில் என்ன உளது என்பதை மனைவி அறிந்திருக்கட்டும். கல்லூரியிற் பயிலும் மக்கள் அவற்றை ஒருமுறை பெற்றோருக்கு வாசித்துக் காட்டுவார்களாக. வெள்ளம் வருமுன் அணை போடுவது நம் முன்னோர் சொன்ன அறிவு. கணவன் வாழும் நாளில் மனைவியிடம் காட்டும் அன்பை ஊர் காணும்; அவன் எழுதி வைத்த தாளில் உள்ள அன்பே, அவன் சென்ற பின் அவள் தலைமேற் கூரையாக நிற்கும்.