காத்திருந்த நாளுக்குக் கூலி இல்லை

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரின் கதையில் இரண்டு தாமதங்கள் வருகின்றன. குதிரை வாங்கக் கொண்டுபோன பொன் கோயில் திருப்பணிக்குச் செலவாகிவிட, சொன்ன நாளில் குதிரைகள் வரவில்லை. அமைச்சரான அவருக்குத் தண்டனை கிடைத்தது. பிறகு வைகை கரைபுரண்டபோது, வீட்டுக்கு இவ்வளவு என்று கரையை அளந்து விட்டார்கள். வந்திக் கிழவியின் பங்கை அடைக்கக் கூலியாளாக வந்த சிவன் கூலியான பிட்டைத் தின்றுவிட்டுத் தூங்கிப் பிரம்படி வாங்கினார். இரண்டிலும் பிழை வேலையை ஏற்றவர் பக்கம்தான். வந்தியோ கூலியை முன்கூட்டியே கொடுத்துவிட்டாள். வேலை கொடுத்தவரே வேலையைத் தடுத்திருந்தால் பிரம்பு யார் முதுகில் விழும்? கதையில் அதற்குத் தேவை வரவில்லை. நம் ஒப்பந்தங்களில் தினமும் வருகிறது.

திருவாதவூர், மேலூர் பக்கம் சொந்த வீடு கட்டுகிறவர்கள் பலர் 'லேபர் கான்ட்ராக்ட்' பேசுகிறார்கள். சிமென்ட், கம்பி, செங்கல், எம்-சாண்ட் எல்லாம் வீட்டுக்காரர் இறக்கித் தர வேண்டும். மேஸ்திரி சதுரடிக்கு இவ்வளவு என்று பேசி ஆட்களோடு வருவார். ஆக, மேஸ்திரியின் ஒவ்வொரு வேலைநாளும் வீட்டுக்காரர் கையில் இருக்கிறது. சென்ட்ரிங் அடித்து முடித்த பிறகு கம்பி லோடு வரவில்லை என்றால், தகட்டுக்கும் முட்டுக்கும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். நிலை வைக்க ஆடி முடியட்டும் என்பார் வீட்டுக்காரர். பாதி எழும்பிய மாடிப்படியைத் திசை மாற்றச் சொல்வார் வாஸ்து பார்ப்பவர். டைல்ஸ் நிறத்தில் வீட்டுக்குள்ளேயே உடன்பாடு வராது. இதற்கிடையில் கொத்தனாரும் சித்தாளும் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்களை நினைத்த நாளில் திரும்ப அழைக்க முடியாது. ஒரு வாரத் தாமதம் ஒரு மாதமாக வளர்வது இப்படித்தான். கடைசியில் ஊர் சொல்வது ஒன்றுதான்: "மேஸ்திரி இழுத்தடிச்சிட்டாரு."

வீட்டுக்காரரை வில்லனாக்கவும் வேண்டாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.5 லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது. அடுத்த தவணைக்கு அவரும் காத்திருக்கிறார்.

சட்டம் இதை எப்போதோ யோசித்துவிட்டது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 67ஆவது பிரிவு, வேலை செய்யத் தேவையான வசதியை வேலை கொடுத்தவர் செய்து தராவிட்டால், அதனால் நின்றுபோன வேலைக்கு மற்றவர் பொறுப்பில்லை என்கிறது. பழுதுபார்க்க ஆளை அமர்த்திவிட்டு, எங்கே பழுது என்று காட்ட மறுக்கும் வீட்டுக்காரர்தான் அங்கே தரப்படும் உதாரணம். 54ஆவது பிரிவின் உதாரணமோ அப்படியே நம் லேபர் கான்ட்ராக்ட்: சாரமும் மரமும் தருவதாகச் சொன்னவர் தரவில்லை, கட்டுபவர் வேலையைச் செய்ய வேண்டியதில்லை, நஷ்டஈடும் கேட்கலாம்.

பிறகு நஷ்டஈடு ஏன் கிடைப்பதில்லை? முதல் காரணம், ஒப்பந்தத்தாளை எழுதுபவர் வேலை கொடுப்பவர் என்பது. அரசு டெண்டர்களில் பழகிப்போன ஒரு ஷரத்து உண்டு: துறையின் தாமதத்தால் வேலை நின்றால் கால நீட்டிப்பு கிடைக்கும், பணம் கிடைக்காது. ராம்நாத் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஷரத்து செல்லும் என்றது. ஏசியன் டெக்ஸ் வழக்கில் 2009இல், இந்த ஷரத்து துறையைக் கட்டுப்படுத்துமே தவிர நடுவரைக் கட்டுப்படுத்தாது என்றது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறு ஒப்பந்ததாரர் வழக்குக்குப் போவார் என்று எதிர்பார்ப்பது பேராசை.

கால நீட்டிப்பு ஒப்பந்ததாரருக்குக் காட்டும் சலுகை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேலை கொடுத்தவரின் கவசம். இங்கிலாந்தில் லிவர்பூல் மாநகராட்சியின் அடுக்குமாடிக் கட்டடத்தில் அஸ்திவாரத் தூண்கள் பழுதாயின. பழுது ஒப்பந்ததாரர் தரப்பில்தான். ஆனால் சரிசெய்யும் திட்டத்துக்கு ஒப்புதல் தராமல் மாநகராட்சி மாதக்கணக்கில் இழுத்தது. 1970இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: உன்னால் நேர்ந்த தாமதத்துக்குக் கால நீட்டிப்பு தர ஒப்பந்தத்தில் வழி இல்லையென்றால், பழைய கெடு செல்லாது, நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் வசூலிக்கவும் முடியாது. நீட்டிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரி, தன் துறையின் அபராத உரிமையைத்தான் முதலில் காப்பாற்றிக்கொள்கிறார்.

இரண்டாவது காரணம் நம் கூச்சம். ஒப்பந்தச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள்ளும்போதே 'நஷ்டஈடு கேட்பேன்' என்று அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. சர்வேஷ் சோப்ரா வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் இதை ஒப்பந்ததாரர்களுக்கும் பொருத்திச் சொன்னது. நம் ஊரில் வேலை கொடுத்தவருக்குக் கடிதம் எழுதினால் சண்டை என்று பொருள். அடுத்த வேலை போய்விடும். அதனால் மேஸ்திரி வாயால் சொல்கிறார், மறுநாள் வந்த கம்பியை இறக்கிக்கொள்கிறார். உரிமை அங்கேயே பலவீனமாகிவிடுகிறது. 'கம்பி வராததால் இன்று வேலை இல்லை' என்று அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் செய்தியும், காலியான சைட்டின் படமும் அனுப்புவது சண்டை ஆகாது. வாடகைக் கணக்கையும் அதோடு சேர்த்துவிடலாம்.

எப்போதும் வேலை கொடுப்பவரே பலசாலி என்றும் இல்லை. அடுக்குமாடி வீடு வாங்குகிறவர் பில்டர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறார். பயனியர் அர்பன் வழக்கில், வாங்குபவர் தவணை தாமதித்தால் 18 சதவீத வட்டி. பில்டர் தாமதித்துப் பணத்தைத் திருப்பினால் 9 சதவீதம். இது நியாயமற்ற ஒப்பந்தம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இரு பக்கமும் ஒரே வட்டி என்று ஆக்கிவிட்டது. மென்பொருள் நிறுவனங்களும் தங்கள் தாளைத் தாங்களே எழுதினால், குறித்த நாளுக்குள் வாடிக்கையாளர் பதில் சொல்லாவிட்டால் வேலையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்று போட்டுக்கொள்கின்றன. தாமதத்தின் செலவு, அதை உண்டாக்கியவர் தலையில் விழுவது அரிது. தாளை எழுதாதவர் தலையில்தான் விழுகிறது. தாளே இல்லாத மேஸ்திரி தலையில் முழுவதும்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்களின் அந்த விதி நம் சட்டத்துக்கும் புதிதல்ல. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தில் சேவை தந்து 15 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு. பணத்துக்கு 45 நாள் உச்சவரம்பு; தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. ஆனால் இது முடிந்த வேலையின் பணத்துக்கு மட்டும். டைல்ஸ் தேர்வுக்கும் வரைபட ஒப்புதலுக்கும் இடத்தை ஒப்படைப்பதற்கும் இப்படி ஒரு கெடு இல்லை. அரசுத் துறைகளின் டெண்டர் ஆவணங்களில் அதைச் சேர்க்கப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். எந்த முடிவு எத்தனை நாளில், யார் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு எவ்வளவு என்று ஒப்பந்ததாரருக்குப் போடும் அபராத அட்டவணைக்குப் பக்கத்திலேயே இன்னொரு அட்டவணை போட்டால் போதும்.